இங்கிலீஷ் எங்கே சிக்குகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஃபோனில் குரல் பதிவு செய்யும் ஆப்பைத் திறங்கள். காலையில் எழுந்ததிலிருந்து இந்த நிமிடம் வரை என்ன செய்தீர்கள் என்று இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம், தப்பு வந்தால் நிறுத்தவும் வேண்டாம். யாருக்கும் அனுப்பப் போவதில்லை. பதிவை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் அது தேவைப்படும்.

திண்டுக்கல்லில் மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்த புதிதில், வருகிற எல்லோருக்கும் நான் ஒரே மருந்துதான் கொடுத்தேன். கிராமர் பாடம், அதோடு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் அதுதான், வெளிநாடு போகத் தேர்வு எழுதும் நர்சுக்கும் அதுதான், தமிழ் மீடியத்தில் படித்து இன்ஜினியரிங் முடித்த பையனுக்கும் அதுதான். சிலருக்குப் பலித்தது. பலிக்காதவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு நின்றுபோனார்கள்: "எனக்கு மண்டையில ஏறலக்கா." இப்போது அந்த வார்த்தையை நான் ஏற்பதில்லை. கோளாறு ஓரிடத்தில் இருக்க, உழைப்பு முழுவதும் வேறிடத்தில் போய்க்கொண்டிருக்கும். எங்கே என்று பார்த்துச் சொல்ல ஆள் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நன்றாக மொழி கற்பவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்ற கேள்வியை 1975இல் ஜோன் ரூபின் எழுப்பினார். தெரியாததைத் துணிந்து ஊகிக்கிறார்கள், எப்பாடு பட்டாவது கருத்தைச் சொல்லிவிடப் பார்க்கிறார்கள், தப்பாகிவிடுமோ என்று கூசுவதில்லை, தங்கள் பேச்சையும் அடுத்தவர் பேச்சையும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். 1990இல் ரெபெக்கா ஆக்ஸ்ஃபோர்டு இந்த உத்திகளை ஆறு வகையாகப் பிரித்தார். நினைவில் வைப்பது, அலசிப் பயிற்சி செய்வது, தெரியாததை ஈடுகட்டுவது, திட்டமிட்டுச் சரிபார்ப்பது, மனதைத் தயார்செய்வது, பிறரோடு சேர்ந்து கற்பது. எவர் எதைக் கையாளுகிறார் என்று பார்க்க அவர் 50 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலும் தந்தார். என் வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதாவது மனப்பாடம். பள்ளிக்கூடம் சொல்லித்தந்தது அதைத்தான்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: படித்தால் புரிகிறது, வாயைத் திறந்தால் வரவில்லை

பதிவைக் கேளுங்கள். எங்கெங்கே திணறி நிற்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். நிற்கும் இடத்தைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறீர்களா? தமிழில் வாக்கியத்தைக் கட்டி முடித்துவிட்டு மொழிபெயர்க்கிறீர்கள். "நேத்து சாயங்காலம் எங்க அண்ணன்கூட பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்" என்பதில் போனேன் கடைசியில்தான் வருகிறது. நாள், வேளை, ஆள், இடம் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு நாம் வினைக்குக் காத்திருப்போம், தமிழில் அதுவே இயல்பு. ஆங்கிலம் முதல் இரண்டு சொல்லிலேயே யார், என்ன செய்தார் என்று கேட்டுவிடும். ஆகவே ஒரு வாரத்துக்கு முதல் இரண்டு மூன்று சொல்லை மட்டும் பழகுங்கள். "ஐ வென்ட்." "மை பிரதர் கால்ட்." "தி பஸ் கேம்." இதைச் சொல்லிவிட்டு மூச்சு விடலாம். எங்கே, யாரோடு, எப்போது என்பதை ஒவ்வொன்றாகப் பின்னால் தொடுத்துக்கொள்ளலாம். தொடுப்பதில் அவசரமில்லை. தொடக்கம்தான் தானாக வர வேண்டும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறீர்களா? அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரியவில்லை. அடுத்த பகுதி உங்களுக்குத்தான். ஆனால் அதற்கு முன்னால் ஈடுகட்டக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் எத்தனை வருடம் படித்தாலும் தெரியாத பெயர் வந்துகொண்டேதான் இருக்கும். என் வகுப்பில் வீட்டுச் சாமான்களை மேசையில் வைத்துவிடுவேன். முறம், சல்லடை, தேங்காய்த் துருவி, ஊதுகுழல். இவற்றைப் பார்த்தே இராத ஒருவருக்கு, பெயர் சொல்லாமல் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். முறத்தை எடுத்த ஒரு பெண் அரை நிமிடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "வி புட் ரைஸ் இன் திஸ். வி த்ரோ இட் அப், லிட்டில் லிட்டில். தி டஸ்ட் கோஸ் அவே. தி ரைஸ் ஸ்டேஸ்" என்றாள். கைகள் தாமாகப் புடைத்துக்கொண்டிருந்தன. இலக்கணம் பார்த்தால் ஓரிடத்தில் இடறும். ஆனால் முறம் எப்படிப்பட்டது என்று கேட்டவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாவது வகை இதுதான். நம் பள்ளிகள் அறவே சொல்லித்தராததும் இதுதான்.

சொல் மட்டுமல்ல, சில கேள்விகளையே ஈடுகட்ட வேண்டியிருக்கும். "உங்க வீட்ல நீங்க எத்தனையாவது பிள்ளை?" என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லால் அமையும் கேள்வி கிடையாது. "ஆர் யூ தி ஃபர்ஸ்ட் சைல்ட், ஆர் தி செகண்ட்?" என்று கேட்டால் வேலை முடிந்தது. நேர் சொல்லைத் தேடி நிற்காதீர்கள். வேறு வழியாகச் சுற்றிப் போங்கள்.

எல்லா இடத்திலும் நிற்கிறீர்களா, சொல்லும் தெரியும் வாக்கியமும் தெரியும், ஆனால் மாட்டுவண்டி வேகம்தானா? சரளம் குறைவு. இதற்கு மொழி ஆசிரியர்கள் 4/3/2 என்று சொல்லும் பயிற்சியைவிட நல்லதை நான் இதுவரை பார்க்கவில்லை. ஒரு விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்லுங்கள். அதே விஷயத்தை இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாமவரிடம் இரண்டே நிமிடத்தில். விஷயத்தை மாற்றக் கூடாது. முதல் தடவை தேடியெடுத்த சொற்கள் மூன்றாவது தடவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆள் கிடைக்காவிட்டால் ஃபோனிலேயே மூன்று முறை பதியுங்கள்.

அறிகுறி: வார்த்தை மனதில் நிற்கவில்லை

நோட்டைக் கொண்டுவாருங்கள் என்பேன். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ் அர்த்தம், பக்கம் பக்கமாக, அழகான கையெழுத்தில். எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டால் "தினமும் ஒருதரம் வாசிப்பேன்" என்ற பதில் வரும். கோளாறு அங்கேதான்.

திரும்பத் திரும்ப வாசிப்பது தெரிந்த மாதிரி ஒரு உணர்வைத் தரும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்த மாணவர்களும், வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களும் அதில் இருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

ஆகவே நோட்டை வாசிக்காதீர்கள், மறையுங்கள். வலது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு அர்த்தம் சொல்லுங்கள். பிறகு இடது பக்கத்தை மூடிக்கொண்டு ஆங்கிலச் சொல்லைச் சொல்லுங்கள். இரண்டாவதுதான் கடினம், பேச்சுக்குத் தேவைப்படுவதும் அதுதான். வராத சொல்லை உடனே பார்த்துவிடாமல் சில விநாடி முட்டிப் பாருங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? மறதி எப்படி நடக்கிறது என்று ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே வைத்துச் சோதித்து 1885இல் வெளியிட்டார். முதல் ஒரு நாளுக்குள் பெரும்பகுதி கழன்றுவிடும், அதன் பிறகு கழலும் வேகம் குறையும். அதனால் முதல் முறை மறுநாளே பாருங்கள். அடுத்து மூன்று நாள், பிறகு ஒரு வாரம், பிறகு இரண்டு வாரம், ஒரு மாதம். சொல் அட்டைகளை ஃபோனில் காட்டும் ஆங்கி என்ற ஆப் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். ஆப் பிடிக்காதவர்களுக்குப் பழைய செருப்புப் பெட்டி போதும். ஐந்து அறை தடுத்து, தபால் கார்டில் பாதி அளவுள்ள அட்டைகளில் சொற்களை எழுதி முதல் அறையில் போடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், கடைசி அறையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

அட்டையில் ஒற்றைச் சொல்லை எழுதாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழில் சோறும் சாப்பிடுவோம், டீயும் சாப்பிடுவோம், மாத்திரையும் சாப்பிடுவோம். "சாப்பிடு" என்பதற்கு நேராக "ஈட்" என்று எழுதி வைத்தவர் டாக்டரிடம் "ஐ ஏட் டேப்லட்" என்றுதான் சொல்வார். அட்டையில் "டேக் எ டேப்லட்", "ட்ரிங்க் டீ", "ஹேவ் லஞ்ச்" என்று இணையோடு எழுதினால் இந்தத் தொல்லையே வராது. சொல் கூட்டாளியோடு வந்தால்தான் வாயில் உட்காரும்.

எந்தச் சொற்கள் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. நாளிதழில் பார்த்த விசித்திரமான சொல்லை எழுதி வைப்பவர்கள் நிறையப் பேர். அவற்றை மறுபடி சந்திக்க ஆறு மாதமாகும். வங்காளத்தில் ஆசிரியப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள்தான். அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி அந்த அளவுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் ஏற வாசிப்புதான் வழி. நியூசிலாந்து மொழி ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, உதவியின்றி நாவலோ நாளிதழோ வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தால் ஒரு குடும்பம்) வேண்டும். பக்கத்தில் உள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். கையில் உள்ள புத்தகத்தில் நூறு சொல் எண்ணுங்கள். தெரியாதவை ஐந்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். சிறுவர் கதைகளுக்கு இறங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

அறிகுறி: சப்டைட்டில் இருந்தால் புரிகிறது, இல்லாவிட்டால் இரைச்சல்

சப்டைட்டிலில் பார்த்ததும் "அட, இது தெரிஞ்ச வார்த்தைதானே" என்று தோன்றுகிறதா? உங்களுக்குச் சொல் தெரியும், அதன் ஓசை தெரியாது. எழுத்தைப் பார்த்து ஊகித்த ஓசை ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, அது எப்போது வரும் என்று காத்திருக்கிறீர்கள். அது வரவே வராது.

தமிழையே எண்ணிப் பாருங்கள். புத்தகத்தில் "என்ன செய்துகொண்டிருக்கிறாய்" என்று படித்த ஒரு வெளிநாட்டுக்காரர் மதுரையில் இறங்கி "என்ன பண்ணிட்ருக்க?" என்பதைக் கேட்டால் திகைத்துத்தான் போவார். பேசியவர் தப்பாகப் பேசவில்லை, கேட்டவருக்கும் தமிழ் தெரியாமல் இல்லை. ஆங்கிலத்திலும் இதே சங்கதிதான். "வாட் டூ யூ வான்ட் டு டூ" என்று ஆறு சொல்லாக எதிர்பார்ப்போம், "வாட்யவான்டடூ" என்று ஒரே மூச்சில் வந்து போய்விடும். சின்னச் சொற்கள் எல்லாம் நசுங்கிவிடும், பொருள் சுமக்கிற சொல் மட்டும் உரக்க வரும். எழுத்துநடை, பேச்சுநடை என்று இரண்டை வைத்துப் புழங்குகிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமே இல்லை.

சரிசெய்ய, மணிக்கணக்காகப் படம் பார்ப்பதை நிறுத்திவிட்டு முப்பது விநாடி ஆடியோ ஒன்றை எடுங்கள். எழுத்து வடிவமும் கூடவே இருக்க வேண்டும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் ஆறு நிமிட நிகழ்ச்சிகளை எழுத்து வடிவத்தோடு தருகிறார்கள், அதில் ஒரு துண்டு போதும். எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, கேட்டதை அப்படியே எழுதுங்கள். ஐந்தாறு தடவை ஓடவிட்டு, இனி முடியாது என்ற பிறகு ஒப்பிடுங்கள். தப்பவிட்ட இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டால் பெரும்பாலும் சின்னச் சொற்களாகவே இருக்கும். கடைசியாக, பேசுபவரின் வாலைப் பிடித்துக்கொண்டே கூடவே சொல்லிப் பாருங்கள். வாயால் நசுக்கிச் சொல்லப் பழகியதைத்தான் காது பிடிக்கும்.

ஒப்பிட்ட பிறகு, தவறவிட்டவை உண்மையிலேயே தெரியாத சொற்களாக இருந்தால் கோளாறு காதில் இல்லை. முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: நான் சொல்வது அவர்களுக்கு விளங்கவில்லை, "பார்டன்?" என்றே கேட்கிறார்கள்

"பிக்" என்று இங்கே எழுதுகிறேன். பெரியது என்ற சொல்லா, பன்றி என்ற சொல்லா, பொறுக்கியெடு என்ற சொல்லா? தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றுதான். இந்த அறிகுறியின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது: ஆங்கிலச் சொல்லுக்கு மேல் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்த நோட்டு.

நர்சிங் முடித்த ஒரு பெண்ணின் நோட்டு நினைவிருக்கிறது. ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் மேலே பென்சிலால் பொடியாகத் தமிழ். முதுகுவலிக்கு "பேக் பெயின்" என்று எழுதியிருந்தாள். நோயாளியிடம் பேசுவதுபோல் பயிற்சி செய்தபோது அவள் வாயில் வந்தது முதுகு அல்ல, பை. பக்கத்திலேயே ஆங்கில எழுத்து இருக்கிறது, ஆனால் கண் பென்சில் எழுத்துக்குத்தான் போகிறது. தாய்மொழி எழுத்து பக்கத்தில் இருந்தால் யாருடைய கண்ணும் அங்கேதான் போகும். அன்று இருவரும் உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் ரப்பரால் அழித்தோம். அழிக்கும்போது அவளுக்குக் கண் கலங்கியது, இரண்டு வருட உழைப்பு அது. ஆனால் அந்த ஒன்றைச் செய்யாமல் அவள் உச்சரிப்பு நகர்ந்திருக்காது.

இந்த ஓசைகள் நமக்கு வராதவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொண்டையில் இரண்டு விரலை வைத்து "அப்பா" என்று சொல்லுங்கள், பிறகு "அம்பு". அப்பாவில் நடுவே அதிர்வு அறுந்து மறுபடி வரும். அம்புவில் அறுபடாமல் ஓடும். இரண்டிலும் எழுத்து பகரம்தான், ஓசை இரண்டு. "பால் குடிச்சான்", "பால் அடிச்சான்" என்பதில் நம் வீட்டுக் குழந்தைகூடக் குழம்புவதில்லை. வாய்க்குத் தெரிந்ததுதான். புதுச் சொல்லைத் தமிழ் எழுத்து வழியாக உள்ளே விடும்போது மட்டும் அந்த வேறுபாடு வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே புதுச் சொல்லை முதலில் காதால் கேளுங்கள். அகராதி ஆப்பில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி மூன்று முறை கேட்டு, மூன்று முறை சொல்லி, அதன் பிறகுதான் எழுத வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். பேப்பர் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தமிழில் "பேனா" என்று சொல்லுங்கள், துண்டு அசையாது. ஆங்கிலத்தில் பேனாவுக்கான சொல்லை இங்கிலாந்துக்காரர் சொன்னால் அந்தத் துண்டு பறக்கும். அந்தக் காற்று இல்லாமல் சொன்னால் அவர் காதில் அது அதிர்வுள்ள ஓசையாக விழும். பன்றி பெரியதாகக் கேட்பது இப்படித்தான். வெளிநாட்டு அழைப்புகளில் பேசுகிறவர்கள் இந்த ஒன்றை ஒரு வாரம் பழகினாலே "பார்டன்?" குறைந்துவிடும்.

நம் பேச்சில் சொல்லின் முதல் எகரம் யெகரமாகும், ஒகரம் வொகரமாகும். எங்கே என்று எழுதி "யெங்க" என்போம், ஒண்ணு என்று எழுதி "வொண்ணு" என்போம். முட்டைக்கான ஆங்கிலச் சொல் "யெக்" ஆவதும், "ஒன்லி" என்பது "வொன்லி" ஆவதும் அதனால்தான். சொல் இறுதியில் "பஸ்ஸு, புக்கு" என்று உகரம் ஒட்டுவதும் தமிழின் இயல்பே. தெரிந்துகொண்டால் பிடித்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட விளங்காமல் செய்வது அழுத்தம். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறையச் சமமாக இடம் தருகிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை ஒடுங்கும். ஹோட்டலில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், ஆங்கிலம் இரண்டாவதை அழுத்துகிறது. அகராதியில் ஓங்கும் அசைக்கு முன்னால் சின்னச் செங்குத்துக் கோடு ஒன்று இருக்கும், அதைப் பார்க்கப் பழகுங்கள். ரப்பர் பேண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓங்கும் அசையில் மட்டும் இழுத்துச் சொன்னால் உடம்புக்கே பழகிவிடும். வெள்ளைக்காரர் போலப் பேச வேண்டிய தேவை எதுவுமில்லை. கேட்பவருக்கு விளங்கினால் போதும்.

அறிகுறி: ரூல் தெரியும், ஆனால் அதே தப்பு திரும்பத் திரும்ப

உங்கள் பதிவை எழுதிப் பாருங்கள், பேசியது பேசியபடி. பத்துத் தப்பு இருந்தாலும் அவை இரண்டு மூன்று வகைக்குள் அடங்கும். பெரும்பாலும் தமிழ் இலக்கணம் உள்ளிருந்து தள்ளுகிற இடங்கள்.

"டிட் யூ வென்ட்?" தமிழில் "போனாயா?" என்கிறோம். இறந்தகாலம் வினைக்குள்ளேயே இருக்கிறது, கேள்விக்கு வாலில் ஓர் ஆகாரம் ஒட்டினால் முடிந்தது. ஆங்கிலத்தில் காலத்தைச் சுமக்க ஒரு ஆள்தான் உண்டு. "டிட்" வந்து அந்த மூட்டையை வாங்கிக்கொண்டால் அடுத்த வினை வெறுங்கையோடு நிற்கும்: "டிட் யூ கோ?" இப்படி விளக்கியபோது, பத்து வருடம் ரூலைப் படித்திருந்த ஒரு மாணவர் "இதுக்குத்தானாக்கா?" என்று கேட்டார்.

"வேர் யூ ஆர் கோயிங்?" என்பதும் அப்படியே. "நீ ஊருக்குப் போற", "நீ எங்க போற" இரண்டிலும் தமிழ் வாக்கியம் இடம் மாறுவதில்லை, எங்கே என்ற சொல் மட்டும் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் "யூ ஆர்" புரண்டு "ஆர் யூ" ஆக வேண்டும்.

ஆர்ட்டிகிளுக்கு என்னிடம் உள்ள சிறந்த மருந்து பாட்டி கதை. "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்ணாம்." முதலில் ஒரு ராஜா, இரண்டாவது தடவை அந்த ராஜா. முதல் தடவை "எ கிங்", அடுத்த தடவை "தி கிங்". எந்த ராஜா என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. சூரியன் எது என்று யாரும் கேட்கப் போவதில்லை, அதனால் "தி சன்". இது எல்லாவற்றையும் தீர்க்காது, ஆனால் அன்றாடப் பேச்சின் பாதி ஆர்ட்டிகிள்களைச் சரியான இடத்தில் வைத்துவிடும்.

முறை இதுதான்: ஒரு வாரத்துக்கு ஒரே தப்பு. அந்த வாரம் மற்ற எல்லாத் தப்புக்கும் மன்னிப்பு. ரிச்சர்ட் ஷ்மிட் என்ற மொழியியலாளர் 1990இல் வலியுறுத்தியது போல, கவனத்துக்கு வராதது கற்றலுக்குள் வருவதில்லை. பத்தையும் ஒரே நேரத்தில் யாராலும் கவனிக்க முடியாது. சாட்ஜிபிடி மாதிரி கருவி வைத்திருப்பவர்கள் "திருத்திக் கொடு" என்று கேட்காதீர்கள். "எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல், திருத்தாதே" என்று கேளுங்கள். தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

அறிகுறி: தனியாக இருந்தால் வருகிறது, ஆள் முன்னால் வருவதில்லை

இது பயம். மொழிக் கோளாறு இல்லை, இன்னும் ஒரு கிராமர் புத்தகம் இதற்கு உதவாது. நம் ஊரில் இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. நான்கு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினால் "பெரிய இங்கிலீஷ்காரி வந்துட்டா" என்பார்கள், ஒரு தப்பு வந்தால் அதையே பட்டப்பெயராக்குவார்கள். அப்படிச் சிரித்தவர்களால் எத்தனை பேர் வாய் மூடிப்போனார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

படிப்படியாக ஆளைக் கூட்டுங்கள். முதலில் ஃபோன் பதிவு. பிறகு ஒரே ஒரு கூட்டாளி, உங்கள் நிலையில் உள்ளவர், தினமும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவரை ஒருவர் திருத்தக் கூடாது என்று ஒப்பந்தம் வையுங்கள். அடுத்து மூன்று பேர். அதற்கடுத்து முன்பின் தெரியாதவர். கேஸ், ஃபோன், பேங்க் எதற்காகவாவது கஸ்டமர் கேருக்கு அழைக்க நேரும்போது ஆங்கிலத்துக்கான எண்ணை அழுத்துங்கள். உங்களை அவர் பார்க்கப் போவதில்லை, உங்கள் ஊர்க்காரரும் இல்லை. கேட்க வேண்டிய இரண்டு கேள்வியை மட்டும் முன்னாலேயே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஆரம்பிக்கிறேன், பத்து நாளில் நின்றுபோகிறது

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்று வைத்திருப்பீர்கள். தினமும் இருபது நிமிடமாக்கி, ஏற்கெனவே செய்யும் ஒன்றோடு கட்டுங்கள், பஸ் பயணம், இட்லி வேகும் நேரம் என்று. "நல்லா பேசணும்" என்பது எட்டவே எட்டாத குறி. "அடுத்த மாதம் மேனேஜரிடம் லீவு கேட்டு ஐந்து நிமிடம் பேசணும்" என்பதைத் தொட முடியும், தொட்டோமா என்றும் தெரியும். ஒரு நேரத்தில் இங்குள்ள அறிகுறிகளில் ஒன்றை மட்டும் எடுத்து மூன்று வாரம் கொடுங்கள். பிறகு அதே இரண்டு நிமிடக் கேள்விக்குப் புதிதாகப் பதிந்து பழைய பதிவோடு ஒப்பிடுங்கள்.

அவசரம்: நாளை மறுநாள் இன்டர்வியூ

புதிதாக எதையும் படிக்காதீர்கள். "மைசெல்ஃப்" என்று தொடங்கும் மனப்பாட அறிமுகத்தைத் தூக்கிப் போடுங்கள். "ஐ ஆம்" போதும். நீங்கள் கைப்படச் செய்த வேலைகள் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் முதல் அறிகுறியில் சொன்ன 4/3/2 முறையில் சொல்லிப் பாருங்கள். கேள்வி புரியாவிட்டால் "குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?" என்று கேட்கப் பழகுங்கள். விளங்காமல் தலையாட்டுவதைவிட அது நூறு மடங்கு நல்லது.

இவை எதிலும் அடங்காவிட்டால்

ஒரு பக்கம் தமிழ் வாசித்துப் பாருங்கள். தமிழிலும் சிறுவயதிலிருந்தே எழுத்துகள் குழம்பி, வாசிப்பு தவித்துத் தவித்துத்தான் வருகிறதென்றால் அது டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். உளவியலாளரையோ சிறப்புக் கல்வி ஆசிரியரையோ பாருங்கள், இங்கே சொன்ன எந்தப் பயிற்சியும் அதற்கு ஈடாகாது. கேட்பதில் மட்டும் விடாத சிக்கல் என்றால் காதுப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து டிக்டேஷனில் மட்டும் தினமும் தோற்றுக்கொண்டிருந்த ஒரு பையனை, மூன்று மாதம் "கவனம் பத்தல" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் காதில் சீழ் வந்து வலது பக்கம் கேட்பது குறைந்திருந்தது பரிசோதனையில்தான் தெரிந்தது. இப்போது முன்வரிசையில், இடது காது என் பக்கம் இருக்கும்படி உட்காருகிறான். நேற்று முப்பது விநாடி டிக்டேஷனில் அவன் தாளில் சிவப்பு வட்டம் நான்கு.